ஹார்மோன் டெஸ்ட்: எத்தனை மணிக்கு, எந்த நாளில், என்ன மாத்திரையோடு?

"அக்கா, இந்த ரிப்போர்ட்ல கார்டிசால் கம்மின்னு சிவப்புல போட்டிருக்கு, பயப்படணுமா?" வாட்ஸாப்பில் இப்படி ஒரு படம் வந்தால் நான் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பார்ப்பது ரத்தம் எடுத்த நேரத்தைத்தான். திருச்சியில் ஒரு லேப்பில் பயோகெமிஸ்ட்ரி பிரிவில் வேலை செய்கிறேன். அட்ரினல் ஹார்மோன், பாலின ஹார்மோன் டெஸ்ட்டுகள் முன்பெல்லாம் எப்போதாவதுதான் வரும், இப்போது தினமும் வருகின்றன. முடி கொட்டினால், எடை கூடினால், மாதவிடாய் தள்ளிப்போனால், குழந்தை தங்கவில்லை என்றால், களைப்பாக இருந்தால், எல்லாவற்றுக்கும் "ஹார்மோன் பாத்துடலாம்" என்று ஆகிவிட்டது. பார்க்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் எப்போது எடுப்பது, எதை நிறுத்திவிட்டு வருவது, எதைச் சொல்வது என்று யாரும் அவர்களிடம் சொல்லி அனுப்புவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின் டெஸ்ட்டைக் காலையில் எடுத்தாலும் மாலையில் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஹார்மோன் அப்படியில்லை. சில ஹார்மோன்கள் கடிகாரத்தைப் பார்த்து ஏறி இறங்கும், சில காலண்டரைப் பார்த்து. ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சாகியிருக்கும் நார்மல் அளவு, சரியான நேரத்தில் சரியான நாளில் எடுத்த ரத்தத்துக்கு மட்டும்தான் பொருந்தும். அந்த நிபந்தனை ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

கார்டிசாலையே எடுத்துக்கொள்வோம். சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன. விடியற்காலையில் நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அளவு ஏறத் தொடங்கி, எழுந்த கொஞ்ச நேரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு நாள் முழுக்க இறங்கி நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வந்துவிடும். காலை 8 மணிக்கு டெசிலிட்டருக்கு 15 மைக்ரோகிராம் இருந்த அதே ஆளுக்கு சாயங்காலம் 5 இருக்கலாம், இரண்டுமே ஆரோக்கியம்தான். ஆபீஸ் முடிந்து 5 மணிக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, காலை நேரத்து அளவோடு ஒப்பிட்டு, "என் அட்ரினல் வேலை செய்யவில்லை" என்று ராத்திரி தூங்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, வாங்கி வைத்த லேப்தான் "காலையில் வாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும்.

காலை 8 மணியை ஒட்டி எடுத்த கார்டிசால் 3-க்குக் கீழே இருந்தால் மருத்துவர்கள் உடனே கவனிப்பார்கள், அட்ரினல் குறைபாட்டுக்கான சந்தேகம் அப்போது பலமானது. 15, 18 என்று இருந்தால் பெரும்பாலும் அந்தக் கவலை வேண்டாம். நடுவில் இருக்கும் எண்கள்தான் சிக்கல். அங்கே ஒற்றை ரத்தத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை ஊசியாகப் போட்டு சுரப்பி எவ்வளவு பதில் கொடுக்கிறது என்று அரை மணி, ஒரு மணி கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதிகமாகச் சுரக்கிறதா என்ற சந்தேகத்துக்கோ காலை ரத்தம் மட்டும் பயன்படாது. கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய் என்று சந்தேகம் வந்தால் இரவு 11 மணிக்கு ஒரு மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்து, மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம் எடுப்பார்கள். ஆரோக்கியமான உடம்பில் அந்த மாத்திரை சுரப்பை அடக்கி 1.8-க்குக் கீழே கொண்டுவந்துவிடும். மாத்திரையை மறந்துவிட்டோ 2 மணிக்கு விழித்துப் போட்டுவிட்டோ வந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். சும்மா ரத்தம் கொடுத்து வரும் எண் உங்களை ஸ்கேன் வரைக்கும் இழுத்துப் போகும்.

நைட் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கே மாறும். ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு நேராக லேப்புக்கு வருகிறவருக்கு காலை 8 மணி என்பது தூங்கப்போகும் நேரம். ஷிஃப்ட்டைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன், ஸ்டீராய்டு, அதாவது கார்டிசால் போலவே உடம்பில் வேலை செய்யும் மருந்து. மூட்டுவலிக்கு யாரோ ஒருவர் பொட்டலம் கட்டிக் கொடுத்த பொடி, இழுப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வருஷக்கணக்காக வாங்கிப் போடும் சின்ன வெள்ளை மாத்திரை, முகம் வெளுக்க என்று தினமும் தடவும் க்ரீம், இவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. 2018-ல் பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இன்றும் கேட்டால் கிடைக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் மூளை "போதும்" என்று நினைத்து அட்ரினலுக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடும், சுரப்பி மெல்ல மெல்லச் சுருங்கிவிடும். இதில் ரத்த டெஸ்ட் எப்படி ஏமாறும் என்றால், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு போடுகிறவருக்கு பல மெஷின்கள் அந்த மருந்தையே கார்டிசால் என்று எண்ணி அதிகமாகக் காட்டும். பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன் வகை என்றால் மெஷின் அதை அநேகமாக எண்ணாது, உண்மையிலேயே அடங்கிப்போன சுரப்பியின் அளவு மட்டும் தெரியும், ரிப்போர்ட் மிகக் குறைவாக வரும். இரண்டுமே உடம்பில் ஒரே கதை, எண் மட்டும் எதிரெதிர். அதனால் கவுன்ட்டரில் "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா" என்று கேட்டால் நாட்டு மருந்து, பொடி, க்ரீம், இன்ஹேலர், மூட்டில் போட்ட ஊசி எல்லாம் அதில் சேர்த்தி. ஊசி போட்டு ஒரு மாசம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு பயந்துபோய் யாரும் ஸ்டீராய்டை நாளைக்கே நிறுத்திவிடக் கூடாது, இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீண்ட நாள் சாப்பிட்டு திடீரென்று நிறுத்தினால், சுருங்கிப்போன அட்ரினலால் உடனே எழுந்து வேலை செய்ய முடியாது. ரத்த அழுத்தம் விழும், வாந்தி வரும், சர்க்கரை குறையும், உயிருக்கே ஆபத்து. மருத்துவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.

அட்ரினல் குறைபாட்டை 1855-ல் முதன்முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன். ரத்தத்தில் ஹார்மோனை அளக்க வழியே இல்லாத காலம் அது. ஆளின் தோல் கறுத்துப்போவதையும், சோர்வையும், இறந்தபிறகு சுரப்பியில் தெரிந்த சேதத்தையும் வைத்து அவர் கண்டுபிடித்தார். அவர் பார்த்தவர்களில் பலருக்குக் காரணம் காசநோய். நம் நாட்டில் இன்றும் காசநோய் அட்ரினலைத் தாக்குகிறது. உள்ளங்கை ரேகை, ஈறு எல்லாம் கறுத்து, எடை குறைந்து, உப்பு உப்பாகக் கேட்கத் தோன்றி, எழுந்து நின்றால் தலைசுற்றினால் அதை "களைப்பு" என்று விட்டுவிடாதீர்கள். அதே சமயம் இணையத்தில் "அட்ரினல் ஃபட்டீக்" என்று ஒன்றைச் சொல்லி டப்பா டப்பாவாக மாத்திரை விற்கிறார்கள். அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. களைத்துப்போன ஒருவருக்கு ரத்தசோகையோ தைராய்டோ தூக்கமின்மையோ மன அழுத்தமோ இருக்கும், அதைப் பார்க்காமல் இந்த மாத்திரையில் மாசங்கள் போய்விடும். எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

பெண்களின் ஹார்மோனுக்குக் கடிகாரத்தோடு காலண்டரும் சேர்ந்துகொள்கிறது. சினைப்பைக்கு மூளையின் அடியிலிருந்து கட்டளை கொண்டுபோகும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரடையால் மூன்றையும் மாதவிடாயின் இரண்டாவது அல்லது மூன்றாவது நாளில் எடுப்பது வழக்கம், அப்போதுதான் அவை ஓய்வு நிலையில் இருக்கும். சுழற்சியின் நடுவில், கருமுட்டை வெளிவருவதற்கு முன்னால் எல்.எச். பல மடங்கு எகிறும். அந்த நாளில் தற்செயலாக ரத்தம் கொடுத்துவிட்டு "எல்.எச். ரொம்ப அதிகம், பி.சி.ஓ.டி.யா", அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று கேட்டால் என்ன சொல்வது? அன்றைக்கு உடம்பு செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

கருமுட்டை வெளியான பிறகு ஏறும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை "21-ஆம் நாள் டெஸ்ட்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது 28 நாள் சுழற்சிக்கு மட்டும்தான். உண்மையான கணக்கு அடுத்த மாதவிடாய் வருவதற்கு ஏழு நாள் முன்னால். 35 நாளுக்கு ஒருமுறை வருகிற பெண்ணுக்கு அது 28-ஆம் நாள். 21-ஆம் நாளில் எடுத்தால் அவளுக்கு அப்போதுதான் கருமுட்டை வெளியாகியிருக்கும், புரோஜெஸ்டிரோன் ஏறியே இருக்காது, "முட்டை வெடிக்கவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். குழந்தைக்காகக் காத்திருக்கிற ஒரு பெண்ணிடம் இப்படித் தப்பான நாளில் எடுத்த எண்ணை வைத்துச் சொன்னால் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? மாமியார் வரைக்கும் போகும் அந்தப் பேப்பர். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தாலே கருமுட்டை வெளியாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்த நாள் சரியாக இருக்க வேண்டும். சினைப்பையில் கருமுட்டை இருப்பு எவ்வளவு என்று பார்க்கும் ஏ.எம்.எச். டெஸ்ட்டுக்கு மட்டும் இந்த நாள் கணக்கு தேவையில்லை, எந்த நாளிலும் கொடுக்கலாம்.

கோயில் திருவிழா, கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை எல்.எச்.சை அடக்கும், சில மெஷின்களில் டெஸ்டோஸ்டிரோன் எண்ணையும் கூட்டிக் காட்டும். கருத்தடை மாத்திரை, அதாவது பி.சி.ஓ.டி.க்கு என்று கொடுக்கிறார்களே அதே மாத்திரை, கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தை ரத்தத்தில் கூட்டிவிடும், அதனால் மொத்த கார்டிசால் பொய்யாக அதிகம் என்று வரும். சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. கவுன்ட்டரில் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்றால் ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் உள்ளே சொல்லுங்கள்.

பி.சி.ஓ.டி.யைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாக்கள் பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பெரியவர்களுக்கு 2003-ல் ராட்டர்டாமில் வகுத்த முறைதான் இன்னும் அடிப்படை. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் அதிகம் என்பதற்கான அறிகுறியோ ரத்த அளவோ, ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம், இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும், அதே மாதிரி காட்டும் வேறு நோய்கள் இல்லை என்றும் பார்த்திருக்க வேண்டும். எல்.எச்., எஃப்.எஸ்.எச். விகிதம் இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. வயதுக்கு வந்து எட்டு வருஷம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனையோ ஏ.எம்.எச்.சையோ வைத்து பி.சி.ஓ.டி. என்று சொல்லக் கூடாது என்கிறது 2023-ன் சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் சினைப்பை பார்க்க அப்படித்தான் இருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளையின் மாதவிடாய் முதல் இரண்டு மூன்று வருஷம் முன்னே பின்னே வருவது நிறைய பேருக்கு இயல்பு. ஸ்கேன் பேப்பரில் "நீர்க்கட்டி" என்று ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளை எதிரிலேயே "இவளுக்குக் குழந்தை பிறக்குமா" என்று கேட்கிற அம்மாக்களைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடிவதில்லை.

முகத்தில் முடி அதிகமாகிறது என்று வருகிறவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோனோடு டி.ஹெச்.இ.ஏ.எஸ். என்று ஒன்றும் எழுதுவார்கள். அது ஏறக்குறைய முழுவதும் அட்ரினலில் இருந்து வருவது, நாளின் எந்த நேரத்திலும் பெரிதாக மாறாது, வயது ஏற ஏறக் குறையும். கொஞ்சம் கூடியிருந்தால் பதற வேண்டாம். மிக அதிகமாக இருந்து, சில மாதங்களுக்குள் வேகமாக முடி வளர்ந்து, குரலும் கட்டையாகிறது என்றால் கட்டி இருக்கிறதா என்று அட்ரினலையும் சினைப்பையையும் பார்த்தே ஆக வேண்டும். இன்னொன்று 17 ஓ.எச். புரோஜெஸ்டிரோன். பிறவியிலேயே அட்ரினலில் ஒரு நொதி குறைவாக இருக்கும் நிலை ஒன்று உண்டு. அதன் லேசான வடிவம் அச்சு அசலாக பி.சி.ஓ.டி. போலவே இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க இந்த டெஸ்ட், அதிகாலையில், மாதவிடாயின் முதல் சில நாட்களுக்குள். பின்னால் எடுத்தால் எண் தானாகவே கூடிவிடும்.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வந்து தாய்ப்பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் கதை தனி. இது பயந்தால் கூடும், ஊசிக்கே கூடும் சிலருக்கு. தூங்கி எழுந்த உடனே அதிகமாக இருக்கும், ஆகவே எழுந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, லேப்பில் கொஞ்சம் அமைதியாக உட்கார்ந்துவிட்டுக் கொடுங்கள். தைராய்டு குறைந்திருந்தாலும் கூடும். நம் ஊரில் எல்லாவற்றையும்விட அடிக்கடி பார்ப்பது டோம்பெரிடோன். நெஞ்செரிச்சலுக்கு, கேஸுக்கு என்று காலையில் வெறும் வயிற்றில் போடுகிற பான்டாப்ரசோல் கேப்ஸ்யூல் பலவற்றில் இதுவும் சேர்ந்தே இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் பெயரைப் பாருங்கள். அது புரோலாக்டினை நன்றாகவே ஏற்றும். நெஞ்செரிச்சல் மாத்திரையால் ஏறிய எண்ணுக்காக மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறார்கள், எத்தனை ஆயிரம் ரூபாய், எத்தனை நாள் பயம்! மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோனும் இதையே செய்யும், ஆனால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொன்னால் அவர் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

இந்த மெஷின்கள் ஏன் இப்படி ஏமாறுகின்றன என்று கேட்பீர்கள். ரத்தத்தில் ஹார்மோன் இருப்பது நம்ப முடியாத அளவு கொஞ்சம், ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். அதை அளக்க வழி கண்டுபிடித்தவர்கள் நியூயார்க்கில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும், 1950-களில், இன்சுலினை வைத்து. ஹார்மோனோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தையும் கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனையும் சேர்த்துப் போட்டிபோட விட்டு அளந்தார்கள். அவர்கள் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார்கள். பெர்சன் 1972-ல் இறந்துவிட, 1977-ல் யாலோவுக்கு நோபல் கிடைத்தது. இன்று எங்கள் மெஷினில் கதிரியக்கம் இல்லை, ஒளியை வைத்து அளக்கிறோம், ஆனால் எதிர்ப்புரதம் போய் ஒட்டிக்கொள்வது என்ற அடிப்படை அதேதான். ஒட்டுகிற இடத்தில் வேறு எதுவும் குறுக்கே வந்தால் எண் மாறும்.

அப்படிக் குறுக்கே வருவதில் முக்கியமானது பயோட்டின், முடி கொட்டுவதற்குச் சாப்பிடுகிறோமே அதேதான். ஒரு நாளைக்கு உடம்புக்கு 30 மைக்ரோகிராம் போதும், கடையில் விற்கும் முடி மாத்திரையில் 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. பல மெஷின்களின் வேதிமுறையே பயோட்டினை வைத்துத்தான் இயங்குகிறது. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால், கார்டிசால் பொய்யாக ஏறும், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். பொய்யாக இறங்கும். 2017-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு எச்சரிக்கை வெளியிட்டது. முடி கொட்டுகிறது என்று ஹார்மோன் பார்க்க வருகிறவர்கள்தான் இந்த மாத்திரையையும் சாப்பிடுகிறவர்கள், யோசித்துப் பாருங்கள். குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்னாலேயே நிறுத்திவிட்டு வாருங்கள்.

ஆண்களுக்குச் சுருக்கமாக. டெஸ்டோஸ்டிரோன் காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில். சாப்பிட்டால், குறிப்பாக இனிப்பு, கொஞ்ச நேரத்துக்கு இறங்கும். ஒரு முறை குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி எடுக்காமல் முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல் வந்து போன வாரத்தில் எடுக்காதீர்கள். உடம்பு எடை அதிகமாக இருப்பவர்களுக்கு அந்த ஹார்மோனைச் சுமக்கும் எஸ்.எச்.பி.ஜி. புரதம் குறைந்திருக்கும், மொத்த அளவு குறைவாகத் தெரியும், ஆனால் செயல்படும் பங்கு சரியாகவே இருக்கலாம். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று ஊசி போட்டுக்கொள்ளும் தம்பிகளே, வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைக்கும் போகும். கல்யாணம் ஆகி குழந்தைக்காக வரும்போது ரிப்போர்ட்டில் அது அப்பட்டமாகத் தெரியும். அப்போதாவது மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஊசியை நிறுத்திய பின் பலருக்குத் திரும்பி வருகிறது, ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

பேக்கேஜ் பற்றிக் கேட்கிறார்கள். பத்து ஹார்மோன் சேர்த்து தள்ளுபடியில் தருகிறார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே காலையில், எந்த நாள் என்று பார்க்காமல், வீட்டுக்கே ஆளை வரவழைத்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்து உடம்பு சூடாகிறது, வியர்க்கிறது என்றால், மாதவிடாய் நிற்கப்போகிறதா என்று தெரிந்துகொள்ள எஃப்.எஸ்.எச். எடுக்கவே தேவையில்லை, அறிகுறியே போதும். சீட்டில் எழுதாத டெஸ்ட்டை யாராவது சேர்த்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்த்துவிட்டு, அவர் எழுதியதை மட்டும் எடுத்தால் போதும்.

சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் ரிப்போர்ட் அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள், அங்கே அலகு வேறு. இங்கே 300 என்று வருகிற டெஸ்டோஸ்டிரோன் அங்கே 10.4 என்று அச்சாகும், இங்கே 10 என்று வருகிற கார்டிசால் அங்கே 276. இரண்டு ஊர் ரிப்போர்ட்டை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். நம் ஊரிலேயே இரண்டு லேப்பில் மெஷின் வேறாக இருந்தால் எண் கொஞ்சம் மாறும். மறுபடி எடுப்பதாக இருந்தால் அதே லேப்பில், முன்பு கொடுத்த அதே காலை நேரத்தில் கொடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள்.